மாடு கொடுத்தோம்; மாடு பார்க்கக் கற்றுக்கொடுத்தோமா?

கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்று. பொதுநோக்கு மண்டப வளவில் நின்ற வேப்பமரங்களில் நான்கு பசுக்கள் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் 1, 2, 3, 4 என்று இலக்கமிட்ட மட்டை தொங்கியது. இருபத்தைந்து அடி தள்ளி, நிலத்தில் சுண்ணாம்பால் இழுத்த கோட்டுக்கு வெளியே பதினொரு பிள்ளைகள் கொப்பியும் பேனையுமாக நின்றார்கள். சனிக்கிழமை காலை ஏழு மணி. ரியூசனுக்குப் போகும் நேரத்தில் அவர்கள் மாடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"2ஆம் இலக்கம் நல்ல மாடு சேர்" என்றாள் தரம் 11இல் படிக்கும் மாணவி ஒருத்தி.

"நல்ல மாடு எண்டால் என்ன? வடிவான மாடோ, கொழுத்த மாடோ? எந்த மாட்டை விட, எதிலை நல்லது எண்டு சொல்லு பிள்ளை" என்றார் பயிற்றுநர். ஓய்வுபெற்ற கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர் அவர்.

அவள் மறுபடியும் பார்த்தாள். "4ஆம் இலக்கத்தை விட 2ஆம் இலக்கத்துக்கு மடி உடம்போடை ஒட்டி இருக்கு. 4இன்ரை மடி தொங்குது. நடக்கேக்கை காலிலை அடிபடும்."

"இப்ப சொன்னாய் பார், அதுதான் காரணம்."

நான் அங்கே போனது வேறு விடயத்துக்காக. யுத்தத்துக்குப் பிறகு வாழ்வாதார உதவியாக வழங்கப்பட்ட மாடுகளில் எத்தனை இன்னும் அந்தந்த வீடுகளில் நிற்கின்றன என்று எழுதுவதற்காக அவருக்குத் தொலைபேசி எடுத்திருந்தேன். "கணக்குக் கேக்கிறதெண்டால் கந்தோருக்குப் போங்கோ தம்பி. ஏன் நிக்கேல்லை எண்டு கேக்கிறதெண்டால் சனிக்கிழமை இங்கை வாங்கோ" என்றார். அதனால்தான் போனேன்.

நான்கு பசுக்கள், இரண்டு நிமிடங்கள்

அவர் அந்தப் பிள்ளைகளுக்குப் பழக்குவது கறவை மாடு மதிப்பிடும் போட்டி. எங்களுக்கு இது புதிது. ஐக்கிய அமெரிக்காவில் நூறு வருடங்களுக்கு மேலான பழக்கம். அங்கே 4-எச் என்ற இளைஞர் அமைப்பு, பல்கலைக்கழகங்களின் விவசாய விரிவாக்கச் சேவையோடு சேர்ந்து, பாடசாலைப் பிள்ளைகளை இதற்குத் தயார்படுத்துகிறது. கிராமத்துச் சந்தையில் தொடங்கும் போட்டி, விஸ்கொன்சின் மாநிலத்தின் மடிசன் நகரில் வருடந்தோறும் நடக்கும் உலகப் பாற்பண்ணைக் கண்காட்சி வரை போகிறது. 'ஹோர்ட்ஸ் டெய்ரிமன்' என்ற சஞ்சிகை 1931 முதல் இதே போட்டியைப் படங்களால் நடத்திவருகிறது. ஐந்து இனங்கள், இனத்துக்கு நான்கு பசுக்களின் படங்கள். குடும்பமாகக் குசினி மேசையில் இருந்து வரிசைப்படுத்தி அனுப்புகிறார்கள்.

விதி எளிமையானது. நான்கு பசுக்களைப் பார்க்க வேண்டும். முதலில் தூரத்தில் நின்று பக்கவாட்டில், பிறகு பின்னால், பிறகு முன்னால், பிறகு நடக்கவிட்டு. தொடக்கூடாது. பக்கத்தில் நிற்பவரோடு கதைக்கக்கூடாது. முதலாவது முதல் நான்காவது வரை வரிசைப்படுத்தி எழுதிக் கொடுக்க வேண்டும். நான்கு பசுக்களை 24 விதமாக வரிசைப்படுத்தலாம். அனுபவமுள்ள நடுவர் ஏற்கெனவே தன் வரிசையை எழுதி வைத்திருப்பார். அவருடைய வரிசையோடு பொருந்தினால் 50 புள்ளிகள்.

புள்ளி குறைக்கும் முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நடுவர் தன் வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பசுக்களுக்கு இடையிலான வித்தியாசம் எவ்வளவு பெரியது என்றும் எழுதி வைப்பார். முதலாவதும் இரண்டாவதும் கிட்டத்தட்ட ஒரே தரம் என்றால் அந்த இரண்டையும் மாற்றிப் போட்டவருக்கு 2 புள்ளிதான் குறையும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் யாருக்கும் தெரியக்கூடிய வித்தியாசம் இருந்து, அதைக் காணாமல் விட்டால் 5 புள்ளி போகும். சின்னப் பிழைக்குச் சின்ன விலை, பெரிய பிழைக்குப் பெரிய விலை. சரி, பிழை என்று இரண்டே பெட்டிகளில் விடைத்தாள் திருத்தும் எங்கள் பரீட்சைக்குப் பழகிய பிள்ளைகளுக்கு இதை விளங்கிக்கொள்ளவே இரண்டு கிழமை எடுத்ததாம்.

வரிசைப்படுத்திய பிறகுதான் உண்மையான சோதனை. கொப்பியைப் பார்க்காமல், நடுவரின் முன் நின்று, இரண்டு நிமிடத்துக்குள் வாயால் காரணம் சொல்ல வேண்டும். அதற்கும் 50 புள்ளிகள். ஏன் இதை அதற்கு மேலே வைத்தேன் என்று சோடி சோடியாகச் சொல்ல வேண்டும். 'நல்லது', 'வடிவானது' போன்ற சொற்களுக்குப் புள்ளி இல்லை. 'அதைவிட அகலமானது', 'அதைவிட உயரத்தில் பொருந்தியது' என்று ஒப்பிட்டுத்தான் பேசவேண்டும். கீழே வைத்த பசுவிடம் மேலே வைத்ததைவிடச் சிறந்த அம்சம் ஏதும் இருந்தால் அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். "4ஆம் இலக்கத்துக்குக் கால் இன்னும் திடமாக இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனாலும்..." என்று தொடங்கும் அந்த வசனத்தை எங்களுடைய மேடைகளில் நான் அதிகம் கேட்டதில்லை.

குலுக்கலில் வந்த பசு

இதில் நடப்பு விவகாரம் எங்கே இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த மாணவியின் வீட்டில் இருக்கிறது.

அவளுடைய தாய் பெண் தலைமைத்துவக் குடும்பம் என்ற பட்டியலில் உள்ளவர். மீள்குடியேறிய சில வருடங்களில் அவருக்கு ஒரு கலப்பின ஜேர்சிப் பசு உதவியாகக் கிடைத்தது. பாடசாலை மைதானத்தில் மாடுகளை வரிசையாகக் கட்டி, காகிதத்தில் இலக்கம் எழுதி, குலுக்கல் முறையில் கொடுத்திருக்கிறார்கள். பாரபட்சம் இருக்கக்கூடாது என்பதற்காகக் குலுக்கல். "எனக்கு வந்த மாட்டைப் பாத்த உடனை பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னவ, இதுக்கு ஒரு காம்பு செத்துப்போச்சு, மாத்தித் தரச் சொல்லு எண்டு. நான் கேக்கேல்லை. சும்மா தாறதை எப்பிடிக் குறை சொல்லுறது? படம் எடுக்கக் கூப்பிட்டினம், போய் நிண்டனான்" என்றார் அவர்.

மடியின் ஒரு பங்கு வற்றிப்போன அந்தப் பசு அடுத்த கன்றோடு மடியழற்சியிலும் விழுந்தது. இறைச்சிக்கு வாங்கும் தரகருக்குக் குறைந்த விலைக்குப் போனது. பிறகு நுண்கடன் எடுத்து இன்னொரு பசு வாங்கினார். இரண்டாம் கன்றுக்காரி என்று சொல்லி விற்றார்கள். வாயைத் திறந்து பல்லைப் பார்க்க அவருக்குத் தெரியவில்லை. கொம்பில் கன்றுக்கு ஒன்றாக விழும் வளையம் அராவப்பட்டிருந்ததும் தெரியவில்லை. பால் குறைந்தது, கிழமைக் கட்டுப்பணம் குறையவில்லை. இப்போது அந்த வீட்டில் மாடு இல்லை. கொட்டில் விறகு அடுக்கும் இடமாகிவிட்டது.

இது ஒரு வீட்டின் கதை. ஆனால் வன்னியில் வாழ்வாதாரத் திட்டங்களைப் பற்றி விசாரித்துத் திரிந்த காலத்தில் இதே கதையை வேறு வேறு பெயர்களில் கேட்டிருக்கிறேன். கோழி கொடுத்தார்கள், ஆடு கொடுத்தார்கள், மாடு கொடுத்தார்கள். கொடுத்தவர்களின் அறிக்கையில் எத்தனை மாடு கொடுக்கப்பட்டது என்ற எண் இருக்கும். பெறுபவருக்குத் தெரிவுசெய்யும் உரிமை இருந்ததா, வேண்டாம் என்று சொல்லும் அறிவும் துணிவும் இருந்ததா என்ற கேள்விக்கு அந்த அறிக்கைகளில் நிரல் இல்லை.

எனது வாதம் இதுதான். பசுவைக் கொடுப்பது உதவியின் பாதி. அந்தப் பசுவைப் பார்த்து, இது வேண்டாம், இன்ன காரணத்துக்காக வேண்டாம் என்று சொல்லக்கூடிய கண்ணையும் வாயையும் கொடுப்பது மற்றப் பாதி. அந்த மற்றப் பாதியை நாங்கள் தொடவே இல்லை.

அறுந்துபோன கண்

வன்னியில் இந்த அறிவு இல்லாமல் இருக்கவில்லை. பட்டி பட்டியாக மாடு வைத்திருந்த மண் இது. குறி சுட்ட அடையாளத்தை வைத்தே யாருடைய மாடு, எந்த ஊர்ப் பட்டி என்று சொன்னவர்கள் இருந்தார்கள். எந்தப் பசுவின் நாகுக் கன்றை வளர்ப்பது, எதை விற்பது என்று தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் பால் கறந்த பெண்கள். தாயிடமிருந்து மகளுக்குக் கொட்டிலில் நின்றபடியே அது கைமாறியது. யாரும் எழுதி வைக்கவில்லை, எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

2009இல் அது அறுந்தது. இடம்பெயரும்போது கயிற்றை அறுத்துவிட்டு வந்தோம் என்று சொல்லாத மாட்டுக்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கட்டிவிட்டு வந்தால் பட்டினியில் சாகும், அவிழ்த்துவிட்டால் எங்கேயாவது தப்பும் என்ற நம்பிக்கை. திரும்பி வந்தபோது சிலருக்குச் சில மாடுகள் கிடைத்தன, பலருக்குக் கிடைக்கவில்லை. மாட்டோடு சேர்ந்து, அந்த மாட்டின் தாய் எது, அதன் தாய் எவ்வளவு கறந்தது என்ற ஞாபகமும் போனது. முகாமிலும் உறவினர் வீட்டிலும் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கொட்டில் என்ற பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை.

அதே 2009 ஜனவரியில், கிளிநொச்சி வீழ்ந்த அந்த மாதத்தில், அமெரிக்க விவசாயத் திணைக்களம் மரபணுப் பரிசோதனையை வைத்துக் கறவை மாடுகளைத் தரப்படுத்தும் உத்தியோகபூர்வ மதிப்பீட்டை வெளியிடத் தொடங்கியது. ஒரு துளி இரத்தத்திலோ சில உரோமங்களிலோ இருந்து கன்றின் வருங்காலத்தைக் கணிக்கும் காலம் அங்கே பிறந்தது. அப்படியிருந்தும் பிள்ளைகளுக்குக் கண்ணால் மாடு பார்க்கப் பழக்குவதை அவர்கள் கைவிடவில்லை. இவ்வளவுக்கும் விஸ்கொன்சினில் பாற்பண்ணைகளின் எண்ணிக்கை கடந்த இருபது வருடங்களில் பாதிக்கும் கீழே போய்விட்டது. போட்டிக்கு வரும் பிள்ளைகளில் பலர் பண்ணை நடத்தப்போவதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். பார்த்து, தீர்மானித்து, காரணம் சொல்லும் பழக்கம் எந்தத் தொழிலுக்குப் போனாலும் உதவும் என்பதற்காகத் தொடர்கிறார்கள்.

எங்களிடம் முற்றாக ஒன்றும் இல்லை என்றும் சொல்லமுடியாது. மாட்டுவண்டிச் சவாரி நடக்கும் நாளில் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ யாழ்ப்பாணத்திலோ போய் நின்று பாருங்கள். நாம்பனின் கால் வைப்பு, நெஞ்சகலம், குளம்பு, மூச்சு என்று இளைஞர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். அந்தக் கண் உயிரோடு இருக்கிறது. ஆனால் அது ஓடும் மாட்டைப் பார்க்கும் கண், ஆண்களின் கண். குடும்பத்துக்குச் சோறு போடும் பசுவைப் பார்க்க எங்களிடம் ஒரு போட்டியும் இல்லை. பசு வாங்கும்போது இன்னும் சுழி பார்க்கிறார்கள். சுழி எங்கே இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.

பயிற்சி எப்படி நடக்கிறது

அந்தப் பதினொரு பிள்ளைகளில் ஏழு பேர் பெண்கள். இரண்டு பேர் உயர்தரத்தில் உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் படிப்பவர்கள், மற்றவர்கள் சாதாரண தரத்தில் விவசாயம் எடுத்தவர்கள். தனிக் கட்டடம் இல்லை, நிதி இல்லை. மாடுகள் ஊரவர்களுடையவை. மாட்டுக்காரருக்கு நன்றியாக ஒரு கட்டுப் புல்.

முதல் இரண்டு கிழமையும் மாடே இல்லை. உடம்பின் பாகங்களுக்குப் பெயர். இடுப்பெலும்பு எது, பின்னெலும்பு எது, கடைசி விலா எது, பால் நரம்பு எங்கே ஓடுகிறது. பெயர் தெரியாத ஒன்றைக் கண் பார்க்காது என்பது அவருடைய நம்பிக்கை. மூன்றாவது கிழமை இரண்டே மாடுகள். எது மேல், ஏன், ஒரே ஒரு வசனம். ஐந்தாவது கிழமையிலிருந்துதான் நான்கு மாடுகள்.

அமெரிக்கப் புள்ளி அட்டையின் பிரதியைக் கொப்பியின் முதற்பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். கறவைப் பசு ஒன்றுக்கு 100 புள்ளிகள் என்றால் அதில் மடிக்கு 40. கறவைத் திறனைக் காட்டும் உடல்வாகுக்கு 25. பின்கால்களுக்கும் குளம்புகளுக்கும் 20. உடற்கட்டுக்கு 15. வடிவான முகத்துக்கு என்று தனிப் புள்ளி ஒன்றும் இல்லை என்பதைச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்களாம்.

ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. மடியின் அடிப்பக்கம் பின்காலின் நடு மூட்டுக்கு மேலே நிற்கவேண்டும். கீழே தொங்கினால் சேறும் சாணியும் படும், காம்பு மிதிபடும், மடியழற்சி வரும். பின்னாலிருந்து பார்த்தால் மடியின் நடுவில் ஒரு பிளவுக்கோடு தெரியவேண்டும். மடியைத் தாங்கும் நடுத் தசைநார் உறுதியாக இருப்பதன் அடையாளம் அது. விலாக்கள் அகன்று பின்னோக்கிச் சரிந்திருந்தால் வைக்கோலும் புல்லும் அதிகம் கொள்ளும். இடுப்பு முன்னிருந்து பின்னாகச் சற்றே சரிந்து, அகலமாக இருந்தால் கன்று இலகுவாகப் பிறக்கும். குளம்பு சப்பையாக இருந்தால் மேய்ச்சலுக்கு நடக்காது.

போட்டியில் இல்லாத ஒரு பாடத்தையும் அவர் சேர்த்திருக்கிறார். வரிசைப்படுத்தி முடிந்த பிறகு கோட்டைத் தாண்டி மாட்டுக்குக் கிட்டப் போகலாம். நாலு காம்பையும் தொட்டுப் பார்க்கவேண்டும். முதற்பாலைக் கறுப்புத் துணியில் பீச்சித் திரள் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வாயைத் திறந்து பல் எண்ணவேண்டும். இரண்டு பல், நாலு பல், ஆறு பல், எட்டுப் பல் என்றால் என்ன வயது என்று சொல்லவேண்டும். "அமெரிக்காக்காரன் கண்காட்சிக்குப் போறான், தொடத் தேவையில்லை. எங்கடை பிள்ளையள் தரகரிட்டைப் போகுதுகள். தொடத்தான் வேணும்" என்றார்.

விஸ்கொன்சின் அட்டை வன்னிக்குப் பொருந்துமா?

முழுக்கப் பொருந்தாது. அந்த அட்டை குளிர்நாட்டில், நிறைந்த தீனியோடு, கொட்டிலில் நிற்கும் பெரிய பசுக்களை மனதில் வைத்து வளர்ந்தது. அதை அப்படியே நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து 20,000 கறவைப் பசுக்களைக் கொண்டுவரும் அரச திட்டத்தின் முதற்கட்டமாக 2017இல் 5,000 பசுக்கள் வந்திறங்கின. எதிர்பார்த்த பால் கிடைக்கவில்லை, பசுக்கள் நோயுற்று இறந்தன, கடன்பட்டு வாங்கியவர்கள் நொடித்துப்போனார்கள் என்ற முறைப்பாடுகள் அவுஸ்திரேலிய ஊடகங்கள் வரை போயின. கணக்காய்வாளர் நாயகமும் கேள்வி எழுப்பினார். தோற்றத்தை மட்டும் வைத்துப் புள்ளி போட்டிருந்தால் அந்தப் பசுக்கள் பல எங்கள் ஊர் மாட்டை விட மேலே வந்திருக்கும். எந்த வெயிலில், எந்தத் தீனியில், யாருடைய கையில் நிற்கப்போகிறது என்ற கேள்வியை அந்த அட்டை கேட்காது.

ஆகவே எங்களுக்கென்று ஓர் அட்டை வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. ஒவ்வொரு பிரதேசத்திலும் அரச கால்நடை வைத்தியர் பணிமனை இருக்கிறது. யாழ்கோ போன்ற பால் கூட்டுறவு அமைப்புகளிடம் பால் கணக்கு இருக்கிறது. இவர்களையும் கொட்டிலில் வாழ்நாளைக் கழித்த நாலு ஆச்சிமாரையும் ஒன்றாக இருத்தினால் அந்த அட்டையை எழுதிவிடலாம். அதில் நடக்கும் கால்களுக்குக் கூடுதல் புள்ளி வேண்டும். வெயிலில் இளைக்காத தன்மை, உண்ணி பிடிக்காத மயிர், குறைந்த தீனியிலும் குறையாத உடல்நிலை ஆகியவற்றுக்கு இடம் வேண்டும். ஜேர்சிக் கலப்பும் சாஹிவால் கலப்பும் நாட்டுப் பசுவும் ஒரே வரிசையில் நின்றால் எப்படி ஒப்பிடுவது என்றும் எழுதவேண்டும். ஒரு நாளைக்கு ஓரிரு லீற்றர் மட்டும் கறக்கும் நாட்டுப் பசு, செலவைக் கழித்துப் பார்க்கும்போது சில வீடுகளுக்கு முதலாவதாக வரக்கூடும்.

உடல்நிலையை 1 முதல் 5 வரை இலக்கமிட்டு மதிப்பிடும் முறையையும் பிள்ளைகள் பழகுகிறார்கள். எலும்பு துருத்தினால் 1, கொழுப்பு மூடினால் 5. இது வெறும் போட்டிக் கணக்கு இல்லை. 2022 டிசம்பரில் புயலோடு வந்த திடீர்க் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் ஓரிரு நாளில் விறைத்துச் செத்துக்கிடந்ததை மறந்திருக்கமாட்டோம். எல்லாவற்றையும் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் மாரி தொடங்குமுன் பட்டியில் எவை மெலிந்தவை என்று இலக்கம் போடத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், எதைக் கூரைக்குக் கீழே கட்டவேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.

மேய்ச்சல் தரை இல்லாமல்?

இதை எழுதும்போது ஒரு கேள்வி என்னை விடவில்லை. மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்களிடம் போய் மாடு பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லமுடியுமா? மாடு பார்ப்பதில் அவர்கள்தான் ஆசிரியர்கள். பெரும்போகத்துக்கு வயல்கள் விதைக்கப்படும்போது மாடுகளைக் கொண்டுபோய் மேய்ப்பதற்குத் தலைமுறைகளாக அவர்கள் நம்பியிருந்த தரையை, வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் பயிர்ச்செய்கைக்காகப் பிடித்தார்கள். மாடுகள் சுடப்பட்டும் காயப்படுத்தப்பட்டும் கிடந்தன. 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் தொடங்கிய போராட்டம் நாள் கணக்கைத் தாண்டி வருடக் கணக்குக்குப் போனது. அவர்களுக்குக் கண் இருந்தது; நிலம் பறிபோனது.

வன்னியிலும் இதே பிரச்சினை வேறு வடிவத்தில் இருக்கிறது. வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்லுக்கும் விதைத்த வயலுக்கும் நடுவில் மாட்டைக் கொண்டுபோக இடமில்லை. மாடு வயலுக்குள் இறங்கினால் மாட்டுக்காரனுக்கும் வயற்காரனுக்கும் சண்டை. இரண்டு பேரும் எங்கள் ஆட்கள். மேய்ச்சல் தரையை அடையாளம் கண்டு வர்த்தமானியில் அறிவிக்காமல், பால் உற்பத்தியைப் பெருக்குவோம் என்று சொல்வது வெறும் பேச்சு. நாட்டுக்குத் தேவையான பாலில் பாதியைக்கூட நாங்கள் உற்பத்தி செய்வதில்லை. 2021, 2022 நெருக்கடியில் பால்மாவுக்கு வரிசையில் நின்றோம். அந்த வரிசையைப் பற்றிப் பேசிய அளவுக்கு மேய்ச்சல் தரையைப் பற்றி எவரும் பேசவில்லை.

ஆகவே பிள்ளைகளுக்கான இந்தப் பயிற்சியை நில உரிமைக்கு மாற்றாக நான் முன்வைக்கவில்லை. மாறாக, இரண்டுக்கும் தொடர்பு உண்டு. மயிலத்தமடுவுக்காக அதிகாரிகளோடு பேசப்போன கூட்டங்களில் கேட்கப்படுவது எப்போதும் விபரம்: எத்தனை மாடு, எவ்வளவு பால், எந்த மாதத்தில் எங்கே நிற்கும், எவ்வளவு நட்டம். மாட்டை இலக்கமாகவும் காரணமாகவும் எழுதத் தெரிந்த பிள்ளைகள் உள்ள ஊர், அந்த மேசையில் வெறுங்கையோடு இருக்காது. அதிகாரி காரணத்தைக் கேட்பாரா என்பது வேறு விடயம். ஆனால் காரணம் எங்களிடம் இல்லாததால் தோற்றோம் என்று இருக்கக்கூடாது.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

முதலாவது, பட்டிப்பொங்கல். அன்று எப்படியும் மாட்டைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, வெளியே கொண்டுவருகிறோம். ஊருக்கு நான்கு பசு, ஒரு நடுவர், இரண்டு நிமிடம் பேசப் பிள்ளைகள். இதற்கு நிதி தேவையில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வேண்டும். பரிசு பிள்ளைக்குக் கிடைக்கவேண்டும். மாட்டுக்காரருக்குப் பரிசு என்று ஆக்கினால் அது பணக்காரரின் கண்காட்சியாக முடியும்.

இரண்டாவது, பாடசாலை. மாடு இல்லாத பாடசாலையில் படம் போதும். பக்கவாட்டில் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஒரே உயரத்தில் நின்று கைத்தொலைபேசியில் எடுத்த படங்களை வைத்து விவசாய ஆசிரியர் ஒரு பாடவேளையில் நடத்தலாம். தமிழில் இரண்டு நிமிடம் காரணம் சொல்வது மொழிப்பாடத்துக்கும் பயிற்சிதான்.

மூன்றாவது, உதவி வழங்குபவர்கள். குலுக்கலை நிறுத்துங்கள். பெறுபவர் தன் பிள்ளையோடு வந்து, வரிசையில் நிற்கும் மாடுகளைப் பார்த்து, காரணம் சொல்லித் தெரிவுசெய்யட்டும். ஒருவரும் தெரிவுசெய்யாமல் கடைசியில் நிற்கும் மாடு, அதை வழங்கிய ஒப்பந்தகாரரிடமே திரும்பிப் போகட்டும். அந்த ஒரு விதி வந்தால் ஒப்பந்தகாரர் கொண்டுவரும் மாடுகளின் தரம் தானாக மாறும்.

இந்தப் பயிற்சிக்கு வரம்பு உண்டு என்பதையும் சொல்லவேண்டும். கண்ணால் பார்த்து ஒரு பசுவின் பாலை அளக்கமுடியாது. வெளியே தெரியாத நோயைக் கண்டுபிடிக்கமுடியாது. பால் கணக்கும், சினைப்படுத்திய பதிவும், வைத்தியரின் பரிசோதனையும் இல்லாத இடத்தில் கண் மட்டும் ஏமாறும். அந்தப் பயிற்றுநரும் அதைத்தான் சொன்னார்: "கண்ணாலை பாக்கிறது வேண்டாம் எண்டு சொல்லுறதுக்கு. வேணும் எண்டு சொல்ல முதல் கணக்கைக் கேக்க வேணும்."

அன்று நடந்தது பயிற்சிப் போட்டி. அந்த மாணவி நான்காவதாக வந்தாள். 1ஐயும் 3ஐயும் மாற்றிப் போட்டிருந்தாள். அவை இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்தது. அவளுக்கு அது கவலை. இரண்டு மாதம் கழித்து அவளுடைய தாயிடம் தொலைபேசியில் பேசினேன். சீட்டுக் காசு கிடைத்ததாகவும், பக்கத்து ஊருக்கு ஒரு பசுவைப் பார்க்க மகளையும் கூட்டிக்கொண்டு போனதாகவும் சொன்னார். தரகர் சொன்ன விலை இலட்சங்களில். மகள் சுற்றிப் பார்த்தாளாம், நடக்கவிடச் சொன்னாளாம், காம்பைத் தொட்டாளாம், வாயைத் திறக்கச் சொன்னாளாம். தரகருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பிறகு என்ன நடந்தது அக்கா?" என்று கேட்டேன்.

"ஆறு பல்லு எண்டு சொன்னவன். எட்டும் முளைச்சுத் தேஞ்சும் போச்சு எண்டு பிள்ளை சொன்னாள். வாங்கேல்லைத் தம்பி. திரும்பி வந்திட்டம்."

கொட்டிலில் இன்னும் விறகுதான் கிடக்கிறது. காசும் கையில் இருக்கிறது. அடுத்த மாட்டைப் பார்க்க வெள்ளிக்கிழமை போகிறார்களாம்.